பக்கப் கட்டலொக் வீங்குகிறது: பதிவை அழிக்கலாமா?

இரணைமடு: கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சேர்வரைப் பார்க்கிறேன். பக்கப் பக்குலா என்ற மென்பொருளில் ஓடுகிறது. எந்தக் கோப்பு எந்தப் பக்கப்பில் இருக்கிறது என்ற அதன் பட்டியல்தான் கட்டலொக், அது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில். ஸ்கான் செய்த உறுப்பினர் கோப்புகளோடு எல்லாமாக 5 இலட்சம் கோப்பு. வாராவாரம் முழு பக்கப் என்பதால் மாறாத கோப்புக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பதிவு ஏறுகிறது. மாதத்துக்கு 20 இலட்சம். டிஸ்க் நிரம்பப்போகிறது. கோப்புப் பதிவுக் காலம், அதாவது அந்தப் பதிவுகளைக் கட்டலொக்கில் வைத்திருக்கும் காலம், 5 வருடம் என்று போட்டிருக்கிறது. அதை வழமையான 60 நாளுக்கு இறக்கப்போகிறேன். தரவு வொல்யூமில், அதாவது பக்கப் எழுதப்படும் ஊடகத்தில், இருக்கும்தானே?

முள்ளியவளை: வேண்டாம் அண்ணை. கட்டலொக்கில் கோப்புப் பட்டியல் போனால் ஒரு கோப்பைப் பார்த்து எடுக்க ஏலாது, அந்த ஜொப்பை, அதாவது அந்த ஒருமுறை ஓடிய பக்கப்பை, முழுதாக மீட்க வேண்டும். ஜொப் பதிவும் வழமைப்படி 180 நாளில் போய்விட்டால், பிஸ்கான் என்ற பக்குலாக் கருவியை ஓடவிட்டு வொல்யூம் முழுவதையும் வாசித்துத்தான் பட்டியலைத் திரும்பக் கட்டலாம். வொல்யூமுக்கும் வழமையான காலம் 365 நாள்தான். பிறகு மேலெழுதப்படலாம்.

எங்கள் சனம் 2009 இல் காணிப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனம். ஓர் அம்மா இறந்த கணவரின் பங்குக் கணக்கைக் கேட்டு வருகிறார் என்று வையுங்கள். அவரது உறுப்பினர் இலக்கத்தில் வேறொருவரின் ஸ்கான் மேலெழுதப்பட்டிருக்கிறது. எப்போது நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த ஒரு கோப்பின் திகதியையும் அளவையும் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பக்கப்பாகப் பின்னே போகவேண்டும். கட்டலொக் இல்லாமல் அதை எப்படிச் செய்வீர்கள்?

இரணைமடு: சரி தம்பி, ஆனால் டிஸ்க் நிரம்பினால் போஸ்ட்கிரெஸ் நின்றுவிடும், அன்றிரவு பக்கப்பே நடக்காது. அந்த அம்மாவின் கோப்புக்கு அன்றைய பிரதியே இருக்காது. வருடக்கணக்கில் பேணுவது ஆவணக் காப்பின் வேலை. அதைப் பக்கப்பின் தலையில் கட்டியதுதான் பிழை.

ஓமந்தை: நீங்கள் இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பதிவை அழித்தாலும் டிஸ்க்கில் இடம் திரும்பி வராது. போஸ்ட்கிரெஸ்ஸின் துப்புரவுக் கட்டளையான வாக்கியூம் ஓடினால் அந்த இடம் அதே அட்டவணையின் புதுப் பதிவுகளுக்குப் பயன்படும், அவ்வளவுதான். சுருக்க வேண்டுமென்றால் வாக்கியூம் ஃபுல். அது அட்டவணையைப் புதிதாக எழுதும்; அதற்கே இன்னொரு பிரதிக்கான இடம் வேண்டும், முடியும்வரை அட்டவணை பூட்டியே இருக்கும். மாரி காலத்தில் நடுவில் கரண்ட் போனால் பழைய அட்டவணைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பாதியில் நின்ற கோப்பு இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். நிரம்பிய டிஸ்க்கில் இதைத் தொடங்காதீர்கள்.

முள்ளியவளை: அதனால்தான் சொல்கிறேன், அழிப்பதை விட்டுவிட்டு உள்ளே வருவதைக் குறையுங்கள். முழு பக்கப் மாதத்துக்கு ஒன்று, மற்ற நாளெல்லாம் மாறியதை மட்டும். 20 இலட்சம் 5 இலட்சத்துக்குக் கிட்ட வந்துவிடும். சிறுபடங்கள், தற்காலிகக் கோப்புகளையும் விலக்குங்கள்.

இரணைமடு: மாதம் ஒன்று என்றால் மீட்கும்போது ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கவேண்டிய பக்கப்புகளின் சங்கிலி நீளும். நடுவில் ஒரு வொல்யூம் பழுதானால் அந்த நாள்களின் மாற்றம் போய்விடும். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்றால் ஒப்புக்கொள்வேன். அன்றாட அலுவலகக் கடிதங்களுக்கு 5 வருடம் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன்.

ஓமந்தை: அதற்கு வழி இருக்கிறது. உறுப்பினர் கோப்புக்கு ஒரு ஜொப், ஒரு பூல், அதாவது வொல்யூம்களின் தொகுதி. அன்றாடக் கோப்புக்கு வேறு. பூலில் போடும் காலம் கிளையண்டில், அதாவது பக்கப் எடுக்கப்படும் கணினிக்கான அமைப்பில், இருப்பதை மீறும். ஆனால் பழைய ஜொப்கள் பழைய பூலில்தான் இருக்கும். கிளையண்டில் 60 என்று மாற்றினால் அவற்றின் பட்டியலும் போய்விடும். கிளையண்டைத் தொடாமல், அன்றாடப் பூலில் மட்டும் 60 போடுங்கள்.

முள்ளியவளை: இது சரி. உறுப்பினர் பூலின் வொல்யூம் காலத்தையும் கூட்டுங்கள், மறுபயன்பாட்டை நிறுத்துங்கள்.

இரணைமடு: இடைவெளி இரண்டு வாரம்தான், அதில் மாற்றமில்லை. முதலில் கட்டலொக்கை டம்ப், அதாவது முழுப் பிரதி, எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டு பூல்களைப் பிரிக்கிறேன்.