ஓர்லாண்டோ டைம்ஷேரைத் தரகர் மூலம் அவசரமாக விற்பது சரியா?

நிலாவெளி

கனடாவிலிருந்து ஓய்வுபெற்றுத் திருகோணமலைக்கே திரும்பி வர இருக்கிற ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். புளோரிடாவில் ஓர்லாண்டோப் பக்கம் டைம்ஷேர், அதாவது ரிசோர்ட் ஒன்றில் வருடத்தில் ஒரு வாரம் தங்கும் உரிமை, வைத்திருக்கிறார்கள். உறுதி கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்கிறது. கடன் கட்டி முடிந்தது. பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 1,300 அமெரிக்க டொலர். மறுவிற்பனைத் தரகர் என்று ஒருவர் போனில் கூப்பிட்டு, வாங்க ஆள் தயார், 30 நாளில் முடித்துத் தருகிறேன், முதலில் 895 டொலர் கட்டுங்கள் என்கிறார். மூன்று மாதத்தில் அவர்கள் இங்கே வந்துவிடுவார்கள். கட்டலாமா?

சீனக்குடா

895 டொலரைக் கட்ட வேண்டாம். அதற்காகத் தரகரே வேண்டாம் என்றும் முடிவெடுக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு விஷயம்.

புளோரிடாச் சட்டப்படி, காணி விற்பனை உரிமம் உள்ள தரகர் டைம்ஷேரைப் பட்டியலில் போடுவதற்கு முன்பணம் வாங்கக் கூடாது. உறுதி எழுதி முடிகிற நாளில், விற்ற காசிலிருந்துதான் அவருடைய தரகு கழியும். முன்பணம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தரகர்களே இல்லை, விளம்பர நிறுவனங்கள். அவர்களுக்கும் 2012 இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது: எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் காசு வாங்கக் கூடாது, கையெழுத்து வைத்து 7 நாளுக்குள் ரத்துச் செய்ய உரிமை கொடுக்க வேண்டும், இல்லாத வாங்குநரைக் காட்டி ஆசை காட்டக் கூடாது. போனில் வந்த ஆள் முதல் வசனத்திலேயே இதைத் தாண்டிவிட்டார்.

உரிமம் உள்ள தரகரைப் பிடிப்பது கஷ்டமில்லை. பெயரையும் உரிம இலக்கத்தையும் கேட்டு, புளோரிடா அரசின் உரிமத் தளத்தில் தேடிப் பாருங்கள். மறுவிற்பனைத் தரகர்களுக்கு முன்பணம் வாங்காத சங்கம் ஒன்றும் இருக்கிறது. நல்ல தரகர் இருந்தால் வாங்குநரைத் தேடுவது, ஒப்பந்தம், எஸ்க்ரோ (விற்பனை முடியும் வரை காசை நடுவில் ஒருவர் வைத்திருப்பது), உறுதி எல்லாம் ஒரே கையில் நடக்கும். அவசரத்துக்கு அதுதான் வழி.

பாலையூற்று

சீனக்குடா அண்ணை, முன்பணம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மிச்சம் எந்த டைம்ஷேர் எண்டதைப் பொறுத்தது. அதைக் கேக்காமல் தரகரைப் பிடி எண்டு சொல்லுறது அந்தக் குடும்பத்தின்ர காலத்தை வீணாக்கும்.

சாதாரண வாரக் கணக்கு டைம்ஷேர் ஒண்டுக்கு மறுவிற்பனைச் சந்தையில அநேகமா விலையே இல்லை. 1993 இலிருந்து நடக்கிற டைம்ஷேர் யூசர்ஸ் குரூப் தளத்தில போய்ப் பாருங்கோ. சும்மா தாறம், மாற்றுச் செலவையும் நாங்களே கட்டுறம் எண்டு ஆக்கள் வரிசையில நிக்கினம். வருசம் 1,300 டொலர் கட்ட வேண்டிய பொருளை, அதே ரிசோர்ட்டில ஹோட்டல் அறை மாதிரி வாடகைக்கு எடுக்கக்கூடிய ஆள் ஏன் காசு குடுத்து வாங்க வேணும்?

வைச்சுக்கொள்ளுவம், 1,000 டொலருக்கு ஆள் கிடைச்சுது. தரகருக்குக் குறைஞ்சபட்சத் தரகு எண்டு ஒண்டு இருக்கும், அது 500 எண்டு வைப்பம். ரிசோர்ட்டுக்கு மாற்றுக் கட்டணம், உறுதி எழுதுற செலவு. கடைசியில விற்கிற ஆள்தான் கையிலிருந்து காசு போட வேண்டி வரும். இது தரகருக்கும் தெரியும். அதால நேர்மையான தரகர் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தைக் கையில எடுக்கவே மாட்டார்.

முதல்ல ரிசோர்ட்டுக்கே எழுதுங்கோ. திருப்பி எடுக்கிற திட்டம் இருக்கா எண்டு கேளுங்கோ. விண்டம் நிறுவனத்துக்கு அப்படியொரு வழி இருக்கு, வேற பெரிய நிறுவனங்களுக்கும் இருக்கு. கடன் முடிஞ்சிருக்க வேணும், கட்டணப் பாக்கி இருக்கக் கூடாது. இந்தக் குடும்பத்துக்கு ரெண்டும் சரியா இருக்கே.

சீனக்குடா

தம்பி பாலையூற்று, எல்லாம் பூச்சியம் என்பது தவறு. டிஸ்னி வக்கேஷன் கிளப், அதாவது டிஸ்னியின் டைம்ஷேர், வாரமாக அல்லாமல் வருடத்துக்கு இத்தனை புள்ளி என்று வருவது; அந்த ஒப்பந்தம் புள்ளிக்கு இத்தனை டொலர் என்று இன்றைக்கும் நல்ல விலைக்குப் போகிறது, அதுவும் ஓர்லாண்டோதான். சில மேரியட், ஹில்டன் ஒப்பந்தங்களுக்கும் விலை உண்டு. டிஸ்னி ஒப்பந்தத்தை "திருப்பி எடுங்கள்" என்று சும்மா கொடுக்கச் சொன்னால், ஆயிரக்கணக்கான டொலரைக் கடலில் போடுவதற்குச் சமம். திருப்பி எடுக்கும் திட்டத்தில் கையெழுத்து வைத்தால் ஒரு சதமும் வராது.

பாலையூற்று

அவர் வாரம் எண்டு எழுதியிருக்கிறார். டிஸ்னி புள்ளிக் கணக்கு. அதால இது டிஸ்னி இல்லை எண்டுதான் நான் நினைக்கிறன். நிலாவெளி சொல்லட்டும்.

நிலாவெளி

கேட்டுப் பார்த்தேன். டிஸ்னி இல்லை. நிலையான வாரம், செப்டெம்பரில் வருகிறது. ஆனால் அவர்களின் மைத்துனர் ஒருவரிடம் டிஸ்னி 160 புள்ளி இருக்கிறதாம், அவரும் விற்கப் போகிறார். ஆகவே இரண்டுக்கும் சொல்லுங்கள்.

பாலையூற்று

செப்டெம்பர், நிலையான வாரம். புளோரிடாவில புயல் காலம், பள்ளிக்கூடம் தொடங்கின மாதம். இதுக்கு விலை வராது. தரகரை மறந்துபோட்டு ரிசோர்ட்டுக்கு எழுதுங்கோ. மாட்டன் எண்டால் அந்தத் தளத்தில சும்மா குடுக்கிற பகுதியில போடுங்கோ. வாற வருசக் கட்டணத்தையும் நாங்களே கட்டித் தாறம் எண்டு எழுதினால் ஆள் வேகமா வரும். 1,300 பெரிய தொகைதான், ஆனா ஒரேயொரு தரம்.

சாம்பல்தீவு

இரண்டு பேரும் ஆளைத் தேடுவதைப் பற்றியே வாதாடுகிறீர்கள். காலம் போவது அதில் இல்லை, கடதாசியில். அவர்கள் மூன்று மாதத்தில் இங்கே வந்துவிடுவார்கள் என்பதுதான் இந்தக் கேள்வியிலேயே பெரிய விஷயம்.

புளோரிடா உறுதிக்கு விற்பவர் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகளும் நொத்தாரிசும் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும்போது இது சின்ன அலுவல். திருகோணமலைக்கு வந்த பிறகு அப்படியில்லை. நம்முடைய ஊர் நொத்தாரிசு வைத்த முத்திரையை, உறுதி அலுவலை முடித்துத் தரும் அமெரிக்க உறுதி நிறுவனம் பெரும்பாலும் அப்படியே ஏற்காது, அமெரிக்கத் தூதரகத்தில் செய்யச் சொல்லும். அதற்குக் கொழும்புக்குப் போக வேண்டும், முன்பதிவு வேண்டும், முத்திரை ஒன்றுக்கு 50 டொலர். சாட்சிகளைத் தூதரகம் தராது, நீங்களே கூட்டிப்போக வேண்டும். இணையவழி நொத்தாரிசு முறை புளோரிடாவில் 2020 இலிருந்து இருக்கிறது. ஆனால் ஆளை அடையாளம் காணக் கேட்கும் கேள்விகள் அமெரிக்கக் கடன் வரலாற்றிலிருந்து வருபவை. அமெரிக்காவில் வாழாதவர்கள் பலர் அந்த இடத்தில் தடுக்கி நிற்பார்கள்.

ஆகவே, விற்பதோ கொடுப்பதோ, அவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பு நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) எழுதிவிடட்டும். பொதுவானது வேண்டாம். ரிசோர்ட் பெயர், உறுதி இலக்கம், வாரம் எல்லாம் குறிப்பிட்டு, "இந்த ஒன்றை விற்க, மாற்ற, கையெழுத்து வைக்க" என்று எழுதிய விசேட தத்துவம். அதற்கும் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு. கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். எழுதும் முன் உறுதி நிறுவனத்திடம் அதன் மாதிரியை வாங்குங்கள். தாங்கள் சொன்ன வசனம் இல்லை என்று திருப்பி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

மைத்துனரின் டிஸ்னிக்கு இன்னொரு தடை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. வரி. அமெரிக்காவில் உள்ள அசையாச் சொத்தை வெளிநாட்டவர் விற்றால், வாங்குபவர் விலையில் 15 சதவீதம் பிடித்து, 20 நாளுக்குள் ஐஆர்எஸ் என்ற அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும். இலாபத்தில் அல்ல, முழு விலையில். புள்ளி 100 டொலர் என்று ஒரு கணக்குக்கு எடுத்தால் 160 புள்ளிக்கு 16,000, அதில் 2,400 போய்விடும். நட்டத்துக்கு விற்றாலும் பிடிப்பார்கள். வாங்குபவர் அதைத் தன் குடியிருப்பாகப் பாவிப்பதாகச் சத்தியம் செய்தால் விலக்கு உண்டு, ஆனால் டைம்ஷேரில் அதை எல்லா உறுதி நிறுவனங்களும் ஏற்பதில்லை. திரும்பப் பெற அடுத்த வருடம் 1040-என்ஆர் வரிப் படிவம் போட வேண்டும். அதற்கு ஐஆர்எஸ் தரும் வரி இலக்கம் வேண்டும், டபிள்யூ-7 படிவத்தில் கேட்பது. குறைத்துப் பிடிக்க 8288-பி படிவம் இருக்கிறது, பதில் வர 90 நாள் வரை போகும். பூச்சிய விலைக்குக் கைமாறும் செப்டெம்பர் வாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பூச்சியத்தில் 15 சதவீதம் பூச்சியம்தான்.

சீனக்குடா

சாம்பல்தீவு அக்கா, நன்றி. நான் சொல்ல வந்ததும் இதுதான்: இவ்வளவு கடதாசியைத் தனியாகச் செய்ய முடியாது. வெளிநாட்டு விற்பனையாளரைக் கையாண்ட டிஸ்னித் தரகர் ஒருவர் இருந்தால் இந்த 15 சதவீதத்தை முதல் நாளே சொல்வார்.

டிஸ்னிக்கு எப்படி நடக்கும் என்றால், விலை ஒத்துக்கொண்டதும் வாங்குபவரின் முற்பணம் உறுதி நிறுவனத்தின் எஸ்க்ரோக் கணக்கில் போகும். பிறகு ஒப்பந்தம் டிஸ்னிக்குப் போகும். அதே விலையில் முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது, 30 நாள் வரை எடுக்கலாம். அவர்கள் எடுத்தாலும் எங்களுக்கு அதே காசுதான். அடுத்தது எஸ்டாப்பல் சான்றிதழ்: எத்தனை புள்ளி மிச்சம், பாக்கி உண்டா, உரிமையாளர் யார் என்று ரிசோர்ட் எழுதித் தருவது. பிறகுதான் உறுதி. இரண்டு மாதம் என்று மனதில் வையுங்கள். யாராவது 30 நாள் என்று சத்தியம் பண்ணினால், அவருக்கு இந்த வரிசையே தெரியவில்லை.

விலையை இறக்கினால் ஆள் வேகமாக வருவார், கடதாசி வேகமாகாது. ஆகவே அவசரம் என்று அடிமாட்டு விலைக்குப் போடுவதில் பிரயோசனம் குறைவு. இந்த வருடப் புள்ளிகளைப் பாவிக்காமல் விட்டால் விலை கூடும். இன்னொன்று, 2019 ஜனவரி 19 இலிருந்து மறுவிற்பனையில் வாங்குபவருக்கு ரிவியேரா போன்ற புதிய டிஸ்னி ரிசோர்ட்டுகளில் அந்தப் புள்ளிகள் செல்லாது. இது தெரிந்த வாங்குநர் அதைச் சொல்லிப் பேரம் பேசுவார், பதிலோடு இருங்கள்.

கன்னியா

எதுக்கு இவ்வளவு சிரமம்? திருகோணமலைக்கு வந்து குடியேறின ஆளிடம் புளோரிடா ரிசோர்ட் வந்து என்ன செய்யப் போகுது? கட்டணத்தை நிப்பாட்டினால் அவங்களே வாரத்தை எடுத்துக்கொள்ளுவாங்கள்.

சாம்பல்தீவு

கன்னியா, நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. புளோரிடாவில் நீதிமன்றம் போகாமல் நம்பிக்கைப் பொறுப்பாளர் மூலம் டைம்ஷேரைப் பறிக்கும் முறை உண்டு. அதில் உரிமையாளர் ஆட்சேபிக்காவிட்டால் மிச்சக் கடனுக்கு அவரைத் துரத்த முடியாது. ஆனால் அந்த முறையைத்தான் பாவிக்க வேண்டும் என்று ரிசோர்ட்டுக்குக் கட்டாயமில்லை. அதுவரை வட்டி ஏறும், வசூல் நிறுவனங்கள் கனடா முகவரிக்கு எழுதும், கடன் மதிப்பெண் விழும். உறுதியில் பிள்ளைகளின் பெயரும் சேர்ந்திருந்தால் அடி அவர்களுக்கு விழும், அவர்கள் அங்கேதான் வீட்டுக்கடன் எடுக்க வேண்டும். அதைவிடப் பாக்கி ஏறினதும் திருப்பி எடுக்கும் திட்டக் கதவு மூடிவிடும். இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கிற வழியை ஏன் அடைக்க வேண்டும்?

பாலையூற்று

கன்னியாவுக்கு நானும் எதிர்தான். அதோட ஒரு எச்சரிக்கை. அந்த 895 டொலர் ஆளுக்கு "வேண்டாம்" எண்டு சொன்ன பிறகும் அழைப்பு வரும். அடுத்த ஆள், மெக்சிகோவில வாங்குற கம்பனி இருக்கு, நல்ல விலை, அந்த நாட்டு வரியை மட்டும் முதல்ல அனுப்புங்கோ எண்டுவார். மெக்சிகோப் போதைப்பொருள் கும்பல் (கார்ட்டல்) ஒண்டு நடத்துற மோசடி இது. 2024 யூலையில அமெரிக்கத் திறைசேரியும் எஃப்பிஐயும் சேர்ந்து இதுபற்றி எச்சரிக்கை விட்டவை. முதல்ல வரி, பிறகு அபராதம், பிறகு ஏமாந்த காசை மீட்டுத் தாறம் எண்டு வழக்கறிஞர் வேசத்தில இன்னொரு ஆள். உண்மையான விற்பனையில விற்கிற ஆள் வரியை முன்கூட்டி வங்கியால அனுப்புற கட்டமே இல்லை, எல்லாம் விலையில கழியும். எங்கட ஊரிலயும் காணி விற்றால் உறுதி முடிச்ச பிறகுதானே தரகுக்காசு.

லண்டன் ஆக்களும் இதை வாசிப்பினம், அவையளுக்கு: 2011 பெப்ரவரி 23 இலிருந்து பிரித்தானியாவில விற்பனை முடியும் வரைக்கும் மறுவிற்பனை நிறுவனம் ஒரு சதமும் வாங்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே விதி.

சீனக்குடா

செப்டெம்பர் வாரத்துக்குத் தம்பி சொன்னபடி ரிசோர்ட்டைக் கேளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பதில் வர நாள் எடுக்கும். அதே நேரத்தில் உரிமம் உள்ள தரகர் இருவரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைப்பதில் என்ன நட்டம்? அவர்கள் "எடுக்க மாட்டோம்" என்று எழுதினாலும் அது ஒரு பதில்தான்.

பாலையூற்று

கேளுங்கோ. ஆனா ஆறு மாதத்துக்கு வேற ஆளுக்கு விற்கக் கூடாது எண்ட தனியுரிமை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்க வேண்டாம். அதை வைச்சால் ரிசோர்ட் திருப்பி எடுக்க ஒத்துக்கொண்டாலும் குடுக்கேலாமல் போகும்.

நிலாவெளி

விளங்கியது. இன்றைக்கே ரிசோர்ட்டுக்கு எழுதச் சொல்கிறேன், அற்றோணித் தத்துவத்தின் மாதிரியையும் கேட்கச் சொல்கிறேன். முடிந்தது என்று எப்படி உறுதிப்படுத்துவது?

சாம்பல்தீவு

இரண்டு கடதாசி. ஒன்று, பதிவான உறுதியின் பிரதி. ரிசோர்ட் ஒரேஞ்ச் கவுன்டியிலா ஒசியோலா கவுன்டியிலா (கவுன்டி என்பது நம்முடைய மாவட்டம் மாதிரி) என்று பாருங்கள், கிசிமி என்றால் ஒசியோலா. அந்தக் கவுன்டியின் பதிவுத் தளத்தில் பெயரைத் தட்டினால் உறுதி தெரியும். இரண்டாவது, கணக்கு புதிய ஆள் பெயருக்கு மாறிவிட்டது என்ற ரிசோர்ட்டின் கடிதம். உறுதி பதிவாகியும் ரிசோர்ட் புத்தகத்தில் பழைய பெயரே நின்றால் ஜனவரிக் கட்டணச் சிட்டை இவர்களுக்கே வரும். மாற்றுக் கட்டணம் கட்டாமல் விட்டால் அப்படித்தான் நடக்கும். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுத்தில் போடச் சொல்லுங்கள்.