அறிபுனைக் குழுவின் மாத மடல் ஸ்பாமுக்குப் போகிறது, உதவி தேவை
எங்கள் அறிபுனை (அறிவியல் புனைகதை) வாசகர் குழுவின் மாத மடல், அதாவது கூட்டத் தேதி, போட்டி அறிவிப்பு, புதுக் கதை ஒன்றின் முதல் பத்தி எல்லாம் சேர்ந்தது, போன மாதத்திலிருந்து பலருக்கு ஸ்பாமில் போய் விழுகிறது. ஒரே ஒரு மின்னஞ்சல் சேவையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தொல்லை. சொந்த டொமைனிலிருந்து அனுப்புகிறோம். மடல் உண்மையிலேயே எங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் 'பாஸ்' என்றே காட்டுகின்றன. சுருக்கிய இணைப்புகளை நீக்கினேன், சந்தா விலகும் பொத்தானைச் சேர்த்தேன், படங்களையும் எடுத்துவிட்டேன். பலனில்லை. அப்புறம் கதைப் பத்தியை வெட்டிவிட்டு அனுப்பினால் ஒழுங்காக இன்பாக்ஸுக்குப் போகிறது! அதில் செத்துப்போன விஞ்ஞானி ஒருவர் தன் கணக்கிலுள்ள கோடிகளை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் எழுதுகிறார். ஸ்பாம் வடிகட்டிக்கு அது கதை என்று யார் சொல்வது. கூட்டம் நெருங்குகிறது. பத்தியை அப்படியே வைத்துக்கொண்டு மடலை இன்பாக்ஸில் சேர்க்க என்ன வழி?