எங்கள் மணிக்கு லிம்போமா: கீமோ கொடுத்தவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். எங்கள் ஒன்பது வயது லேப்ரடார் மணிக்கு லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) என்று உறுதியாகிவிட்டது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் நிணநீர்க் கணுக்கள் எலுமிச்சை அளவுக்கு வீங்கியிருக்கின்றன. ஆனாலும் தட்டுச் சத்தம் கேட்டால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான்.

வின்கிரிஸ்டின், டாக்ஸோரூபிசின் அடங்கிய கீமோ கொடுத்தால் ஏறக்குறைய ஓராண்டு கிடைக்கலாம், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் என்றால் ஓரிரு மாதங்கள்தான் என்கிறார் மருத்துவர். மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டால் பிறகு கீமோ சரியாக வேலை செய்யாமல் போகலாமாம். அதனால் இப்போதே முடிவெடுத்தாக வேண்டும். "வாயில்லா ஜீவனை வதைக்காதே" என்கிறார் அம்மா. எனக்கோ விட மனமில்லை.

சென்னையில் கீமோ கொடுத்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஊசிக்குப் பிறகு ஒழுங்காகச் சாப்பிட்டதா? வாந்தியும் சோர்வும் எத்தனை நாள் இருந்தன? செலவு எவ்வளவு ஆனது? வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டியவர்கள் அங்குள்ள நடைமுறையையும் எழுதுங்கள்.