முதலில் ஆறு கிலோ போதும்

கோயம்புத்தூரிலிருந்து, வங்கி ஊழியர்:

அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் என்னுடைய எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். எடை 84 கிலோ, உயரம் 168 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதால், அந்த அறிக்கையில் எனக்கு ஆறுதல் தருவதாக எதுவுமே இல்லை. அதை எடுத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போனபோது, அவர் வாய் திறப்பதற்கு முன்பே, “மூன்று மாதத்தில் 65 கிலோவுக்கு வந்துவிடுகிறேன், டாக்டர்” என்று சொன்னேன். மகளின் திருமணத்துக்குச் சரியாக மூன்று மாதம் இருந்தது. உயரத்துக்கு ஏற்ற எடை என்று ஏதோ ஓர் அட்டவணையில் 65 என்று பார்த்திருந்தேன்.

“சார், முகூர்த்தத்துக்கு இளைக்கணுமா, சர்க்கரை வராம இருக்கணுமா? ரெண்டுக்கும் கணக்கு வேற” என்றவர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். உடலில் ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 19 கிலோவை 90 நாளில் கரைப்பதென்றால் நாளொன்றுக்கு 1,600 கலோரிக்கு மேல் குறைக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஒருவருக்கு ஒரு நாளின் மொத்தத் தேவையே 2,100 அல்லது 2,200 கலோரிதான் என்பதால், அந்த இலக்கின்படி நான் உண்ண வேண்டியது காலை நான்கைந்து இட்லியும் சாம்பாரும் மட்டுமே. வங்கியில் கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் எனக்கு, வருமானத்தில் முக்கால் பங்கைத் தவணையாகக் கட்டுகிறேன் என்பவரிடம் என்ன சொல்வேன் என்பது நன்றாகவே தெரியும்.

அதற்கு மாறாக அவர் தந்த இலக்கு ஆறு மாதத்தில் ஆறு கிலோ. அதே கணக்குப்படி நாளொன்றுக்கு 250 கலோரி அளவில் குறைத்தால் போதும். அரை மணி நேர வேக நடையும், மாலையில் வங்கிக்கு எதிரே சாப்பிடும் வடையை விடுவதும், காபியில் சர்க்கரையைக் குறைப்பதும் சேர்ந்தாலே அந்தத் தொகை தேறிவிடும். இந்த ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். என் எடையில் அது 7 சதவீதம் என்றும், அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்புக்காக நடந்த பெரிய ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அதே 7 சதவீதமும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும்தான் இலக்காகக் கொடுக்கப்பட்டன என்றும், 2002இல் முடிவு வெளியானபோது அவர்களிடையே நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்திருந்தது என்றும் விளக்கினார். அதைவிட என்னைக் கவர்ந்தது சென்னையை மையமாகக் கொண்டு டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய ஆய்வு. 2006இல் வெளியான அந்த ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. ஆனால் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. எடை இயந்திரத்தில் எதுவும் தெரியாத நாட்களிலும் உள்ளே ஏதோ நல்லது நடக்கிறது என்று நான் நம்பியதற்கு அந்த ஒரு செய்திதான் காரணம்.

முதல் இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. அது பெரும்பாலும் நீர் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் நான் துள்ளிக் குதிக்கவில்லை. உணவைக் குறைத்ததும் கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து செலவாகி, அதனுடன் பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. ‘ஒரே வாரத்தில் ஐந்து கிலோ’ என்ற விளம்பரங்கள் எல்லாம் இந்த நீரை விற்றுத்தான் பிழைக்கின்றன. பிறகு 80 கிலோவில் எடை அசையாமல் நின்றுவிட்டது. ரேஸ் கோர்ஸில் உடன் நடப்பவர்களில் ஒருவர் இரவு உணவை அடியோடு நிறுத்தச் சொன்னார்; இன்னொருவர் கொள்ளு ரசத்துக்குப் பரிந்துரை செய்தார். கொள்ளு ரசம் எனக்குப் பிடிக்கும் என்பதால் அதை மட்டும் ஏற்றுக்கொண்டேன். இளைத்த உடலுக்கு முன்பைவிடக் குறைந்த எரிபொருளே போதும் என்பதால் இப்படி நிற்பது இயல்பு. அந்த மாதங்களில் நான் அளந்தது இடுப்பை. அது 102இலிருந்து 96 செ.மீ.க்கு வந்திருந்தது. திருமணத்தில் பட்டு வேட்டிக்குள் தொப்பை தெரியத்தான் செய்தது. சம்பந்தி வீட்டார் யாரும் அதற்காக முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

ஆறு மாத முடிவில் 78.5 கிலோ; சர்க்கரை 5.8. இலக்குக்கு அரை கிலோ பாக்கி. உங்களுக்குக் கிடைத்த இலக்குகளையும் அவற்றைத் தந்தவர்களையும் பற்றி அறிய விரும்புகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து, இல்லத்தரசி:

ஐயா, உங்கள் இலக்கு ஒருவருக்கு உரியது. எங்கள் வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே அடுப்பு, ஒரே குழம்பு. எனக்கு மட்டும் தனியாகச் சமைத்துக்கொண்ட நாட்களில், என் மாமியார் என் தட்டைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, எங்களுக்கு ஆக்கினதை நீ திங்கக் கூடாதா?” என்று கேட்பார். அவர் கேட்டதில் வருத்தம்தான் இருந்ததே தவிர, குற்றம் சொல்லும் எண்ணம் இல்லை. ஆகவே எடை என்ற பேச்சையே எடுக்காமல், வீட்டுக்கு ஓர் இலக்கு வைத்தேன்: மாதம் ஐந்து லிட்டராக இருந்த எண்ணெயை மூன்றாகக் குறைப்பது.

இதைச் செய்து பார்த்தால்தான் எண்ணெய் எங்கே போகிறது என்பது தெரிகிறது. நான் நினைத்ததுபோல் அப்பளத்திலும் வடையிலும் மட்டும் இல்லை. தினசரி தாளிப்பில்தான் பாதி போகிறது. முன்பு தூக்கிலிருந்து கணக்கில்லாமல் சாய்ப்பேன். பிறகு வாணலி காய்ந்ததும் தேக்கரண்டியால் அளந்து ஊற்றத் தொடங்கினேன். முதலில் கடுகு சரியாகப் பொரியாமல் கருகியது. வாணலியைச் சற்றே சாய்த்துப் பிடித்து, எண்ணெய் ஒரு பக்கமாகத் தேங்கிய இடத்தில் கடுகைப் போட்டால் இரண்டு தேக்கரண்டியே போதும் என்பதைக் கைப்பழக்கத்தில் கண்டுகொண்டேன். தோசைக்கல்லுக்கு, பாதியாக வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தேய்ப்பது என் பாட்டி செய்ததுதான். நடுவில் நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. இரண்டு லிட்டர் குறைந்தால் ஐந்து பேருக்கும் பகிர்ந்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 110 கலோரி குறைகிறது. யாரும் பசித்திருக்கவில்லை, யாருக்கும் தனித் தட்டும் இல்லை.

என்னளவில் நான் வைத்துக்கொண்ட இரண்டாவது இலக்கு, பிள்ளைகளின் தட்டில் மிச்சமாவதை எடுத்துச் சாப்பிடுவதில்லை என்பது. எடை குறைப்பைப் பற்றிப் பேசும் ஆண்கள் எவரும் இதைச் சொல்லக் கேட்டதில்லை. அரை தோசை, இரண்டு வாய் தயிர்சாதம், கடித்து வைத்த பூரி என்று வீணாகக் கூடாதே என்பதற்காக நாம் உண்பது எந்த வேளைக் கணக்கிலும் வருவதில்லை. அவர்களுக்கு முதலில் குறைவாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது என்று மாற்றிக்கொண்டேன். எனக்குத் தைராய்டு குறைபாடு இருப்பதால், மாத்திரையின் அளவு சரியாகும்வரை எடையைப் பற்றி அவசரப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஓராண்டில் நாலரை கிலோ குறைந்திருக்கிறது. என் கணவருக்கும் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. அவர் அதற்குக் காரணம் தன்னுடைய சைக்கிள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திருநெல்வேலியிலிருந்து, ஓய்வுபெற்ற செவிலியர்:

பணியில் இருந்தபோது அடிக்கடி சந்தித்த ஒரு வகையினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே, யாரிடமும் சொல்லாமல் உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டு, உடல் வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை இறங்கிய நிலையில் வருவார்கள். உணவைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மருத்துவர் பார்த்து மாற்ற வேண்டும். மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேரும் வாய்ப்பும் கூடுகிறது. கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. வாரத்துக்கு அரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் என்று மருத்துவர்கள் எல்லை வைப்பது இதனால்தான்.

என் அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். முழங்கால் வலியோடு நாள்தோறும் 10,000 காலடி நடந்தே தீருவேன் என்று கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து நடந்து, வாரத்தில் நான்கு நாள் படுத்திருந்தார். அந்த 10,000 என்ற எண், 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரிலிருந்து பரவியது என்று நான் சொன்னபோது, “அப்படியா அம்மா, நான் உலக சுகாதார நிறுவனம் சொன்னதுன்னுல்லா நினைச்சேன்” என்றார். அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், மிகக் குறைவாக நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தென்படவில்லை. இப்போது அவர் காலையும் மாலையுமாகப் பிரித்து 5,000 அடி நடக்கிறார். படுத்துக்கொள்ளும் நாட்கள் இல்லை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் நடந்த ஆய்வொன்றின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீது நான்கு கிலோ சுமை குறைகிறது. அவருக்கு நான் சொன்ன இலக்கு மூன்று கிலோதான்.

கோயம்புத்தூரிலிருந்து, வங்கி ஊழியர்:

தஞ்சாவூர் அம்மாவின் வாணலி உத்தியை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். “இதை நான் இருபது வருஷமா செய்றேனுங்க” என்று பதில் வந்தது.

குறைந்த எடையை எப்படித் தக்க வைப்பது என்று தனிப்பட்ட முறையில் சிலர் கேட்டிருந்தீர்கள். குறைப்பதைவிட இதுதான் கடினம் என்பதை அடுத்த ஆண்டில் அறிந்தேன். எடை குறைந்த பிறகு உடல் பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. மன உறுதி இல்லாததால்தான் எடை திரும்புகிறது என்று ஒருவரைப் பழிப்பது முழு நியாயம் ஆகாது. இதனால் மருத்துவர் எனக்கு ஓர் எண்ணைத் தராமல் ஒரு வரம்பைத் தந்தார்: 77 முதல் 79 வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில், காபிக்கு முன்பு, ஒரே முறை பார்க்க வேண்டும்; உப்பையும் நீரையும் பொறுத்து ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும் என்பதால் தினமும் ஏறி நிற்கக் கூடாது. 79ஐத் தாண்டினால் மட்டும் இரண்டு வாரத்துக்குப் பழைய கணக்கு. தீபாவளிக்கு மறுவாரம் 80.2 காட்டியது. கார்த்திகை பிறப்பதற்குள் வரம்புக்குள் வந்துவிட்டேன். அதற்குள் ஐயப்பனுக்கு மாலை போட்ட நண்பர்களோடு காலில் செருப்பில்லாமல் நடப்பதும் சேர்ந்துகொண்டது.

அடுத்து 75 கிலோவுக்கு முயலலாம் என்று சென்ற மாதம் மருத்துவர் சொன்னார். இந்த 78இல் இன்னும் ஒரு பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.