பச்சை ஓக் மரச்சட்டத்தில் வீடு: உங்களுக்கு நடந்தது என்ன?

கூரைநிழல்:
வீட்டின் பின்பக்கம் கூடுதலாகக் கட்டிய அறை. பச்சை ஓக், அதாவது வெட்டி இன்னும் ஈரம் காயாத ஓக் மரம். மூட்டெல்லாம் கழுந்தும் துளையும்தான், ஒரு மரத்தின் சீவிய முனை இன்னொன்றின் துளைக்குள் போய் உட்காரும். குடிபோன முதல் குளிர்காலம், ராத்திரி ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று தலைக்கு மேலே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், நடு உத்திரத்தின் பக்கவாட்டில் இழை ஓடும் திசையிலேயே நீளமாக ஒரு வெடிப்பு. சுண்டுவிரல் நகம் உள்ளே போகிறது. சாயங்காலம் அது அங்கே இல்லை.

தச்சர் வந்து பார்த்துவிட்டு, "மரம் காயுதுங்க, இன்னும் நாலு இடத்துல வெடிக்கும், பயப்படாதீங்க" என்றார். அவர் சொன்னது புரிகிறது. ஆனால் அந்த உத்திரத்துக்கு நேர் கீழேதான் குழந்தையின் கட்டில் இருந்தது. இன்றைக்கும் அந்த அறையில் படுத்தால் கண் மேலேயே போகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

மரப்பொடி:
எங்கள் வீட்டில் சத்தமே இல்லாமல் நடந்தது. சட்டம் நிமிர்த்தி முடிந்திருந்தது. கம்பி வேலைக்கு வந்தவர் தூண்களுக்குப் பக்கத்திலேயே கிரைண்டரைப் போட்டு அறுத்தார். பொறி பறந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. அன்று ராத்திரி மழை. காலையில் பார்த்தால், தேன் நிறத்தில் இருந்த தூண் முழுக்க நீலக்கறுப்புப் புள்ளிகள். இரும்புத் தூளும் ஓக்கில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். பழைய காலத்து எழுதும் மையையே அப்படித்தான் செய்தார்கள். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பூசிக் கழுவியதில் முக்கால்வாசி போய்விட்டது. வாசல் பக்கத்துத் தூணில், சரியாகக் கண் மட்டத்தில், மிச்சம் அப்படியே நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

நேர்கோடு:
கூரைநிழல், உங்கள் தச்சர் சொன்னதை நான் முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். இழையோடு போகிற வெடிப்பு சகஜம்தான். அது மூட்டுக்குள் புகுந்து, மூட்டைப் பிடித்து நிறுத்தும் மர முளை அடித்த இடத்தில் ஓடினாலோ, இழையை வெட்டிக் குறுக்கே போனாலோ, எஞ்சினியரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். போய்ப் பாருங்கள்.

என் கதை சின்னது. ஓக் தூணிலேயே நீளப் பள்ளம் எடுத்துக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். தூண் காய்ந்து முறுக்கியது, கண்ணாடி மூலையில் விண்டது.

கட்டப்போகிறவர்களுக்குச் சில விஷயம். பச்சை ஓக் அகலத்தில்தான் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. ஓர் அங்குலத் தடிமன் காய ஏறத்தாழ ஓராண்டு என்பது தச்சர்களின் பழைய கணக்கு, ஆகவே கனத்த தூணுக்குப் பல வருடம் பிடிக்கும். அதனால் கண்ணாடியைச் சட்டத்துக்கு வெளிப்பக்கமாக, ரப்பர் பட்டை கொடுத்து, மேலே மூடுபலகை வைத்துப் பொருத்தச் சொல்லுங்கள்; மரம் அசைந்தாலும் கண்ணாடி தப்பிக்கும். முதல் குளிர்காலத்தில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்ற வேண்டும். வெடிப்பில் மக்கு (புட்டி) வைத்து அடைக்கவே கூடாது, மரம் அசையும்போது அது பெயர்ந்து வரும், வெளிப்புறத்தில் தண்ணீரும் தேங்கும். போல்ட், ஆணி எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், சாதா இரும்பை டானின் அரித்துவிடும். முடிந்தால் காய்ந்த மரமாகவே வாங்கிவிடுங்கள்.

கொட்டாப்புளி:
நேர்கோடு, கண்ணாடி விஷயத்தில் உங்கள் பக்கம்தான். காய்ந்த மரம் வாங்கச் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. உத்திரக் கனத்தில் நன்றாகக் காய்ந்த ஓக் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் உளி முனை மழுங்கும். 1992 தீ விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் விண்ட்சர் கோட்டையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் மண்டபத்துக்குக் கூரை போட்டது பச்சை ஓக்கில். 2019-இல் எரிந்த பாரிஸ் நோத்ர தாம் தேவாலயக் கூரையையும் பச்சை ஓக்கைக் கோடரியால் செதுக்கித்தான் திரும்பக் கட்டினார்கள்.

எங்கள் சட்டத்தை நிமிர்த்திய அன்று ஒரு மூட்டு வாயைத் திறந்துகொண்டு நின்றது, நடுவில் வெளிச்சம் தெரிந்தது. தச்சர் அலட்டிக்கொள்ளவில்லை. கழுந்தில் முளை போகும் துளையை, எதிர் மரத்தின் முளைத் துளைக்கு நேராக இல்லாமல், வேண்டுமென்றே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தார்; முளை இறங்கும்போது மூட்டை இழுத்து இறுக்கும். கூராகச் சீவிய காய்ந்த ஓக் முளையை வைத்து என்னையே அடிக்கச் சொன்னார். அடிக்க அடிக்க சத்தம் கனத்துக்கொண்டே வந்தது. அந்த வெளிச்சக் கோடு மெலிந்து, கடைசியில் காணாமலே போனது. பசையும் இல்லை, இரும்பும் இல்லை.

கூரைநிழல், உங்கள் வீட்டில் முளைகளின் வெளிமுனையை மட்டமாக அறுத்துவிட்டார்களா? நீட்டி விட்டிருந்தால், மரம் காய்ந்தபின் தச்சரை விட்டு இன்னொரு தடவை அடித்து இறுக்கச் சொல்லலாம்.