இன்டர்னல் பிராண்டிங்: ‘பெயரூன்றல்’ பொருந்துமா?

> ‘அக வணிகக்குறியாக்கம்’ என்றால் போதாதா?

ஐயா, வணக்கம்.

இன்டர்னல் பிராண்டிங் என்பதற்குத் தமிழில் நீங்கள் கேட்ட ‘அக வணிகக்குறியாக்கம்’ போதாது. டிரேட்மார்க்கை வணிகக்குறி என்று பலரும் எழுதிவருகிறோம். இங்கே பேச்சு சின்னத்தைப் பற்றியதே அல்ல. நிறுவனம் வெளியே என்ன சொல்லி விற்கிறதோ, அதை வாடிக்கையாளர் எதிரில் நிற்கும் ஊழியர் அறிந்து, நம்பி, செய்து காட்டும்படி ஆக்குவது இது. ‘முத்திரை’யும் வேண்டாம். எடைக்கல்லுக்கும் அக்மார்க் பொருளுக்கும் இடுவது அது. மேலே விழுவதோடு சரி.

“கடைப் பேரைக் கெடுக்காதே” என்பது பாண்டியிலும் கடலூரிலும் வழக்கமான பேச்சு. பிராண்டுக்கு அந்தப் ‘பெயர்’ போதும். கம்பை நாம் ஊன்றுகிறோம், வேர் தானாக ஊன்றுகிறது. செய்வதற்கும் நிகழ்வதற்கும் ஒரே வினை. ஆகவே பெயரூன்றல். ‘பெயர்ப்பதிவு’ என்று வைத்தால் வேலைவாய்ப்பு அலுவலகம்தான் நினைவுக்கு வரும்.

– புதுச்சேரியிலிருந்து

> செய்வதற்கும் நிகழ்வதற்கும் ஒரே வினை

அம்மா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் சிறப்பென்று சொல்வதுதான் எனக்குத் தடை. வகுப்பு எடுத்தாயிற்று, ஆகவே ஊழியர் மனத்தில் ஊன்றியாயிற்று என்று நிர்வாகம் கணக்கு முடிப்பதே இத்துறையின் பெரிய பிழை. தாய்லாந்து ஓட்டல் ஊழியர்களைக் கொண்டு 2007, 2009-இல் வெளியான ஆய்வுகள் இதைப் பிரித்தே பார்த்தன: பயிற்சியும் உள்தகவலும் முதலில், ஊழியரின் மனநிலை நடுவில், நடத்தை அதற்கப்பால். நமக்கும் தனிச்சொற்கள் வேண்டும். நிர்வாகம் செய்வது பெயரூன்றல், ஊழியர் அதைத் தன்னுடையதாகக் கொள்வது பெயரேற்பு, பிறகு அதனோடு வரும் மனப்பிணைப்பு பெயர்ப்பற்று, வெளியே தெரிவது பெயர்காப்பு நடத்தை.

புதுச்சேரி ஒயிட் டவுனில் ‘அமைதியான தங்கல்’ என்று விளம்பரம் செய்யும் ஒரு விடுதியில் பொருத்திப் பாருங்கள். சனிக்கிழமை மதியம் சென்னை வண்டிகள் ஒன்றாக வந்து சேரும். எத்தனை அறை நிரப்பினார் என்பதற்கே ஊக்கத்தொகை என்றால், வரவேற்பு மேசையில் இருப்பவர் அவசரப்படத்தான் செய்வார்; வகுப்பில் கேட்டது அங்கே நிற்காது. அறையில் சத்தம் என்று விருந்தினர் சொன்னால், மேலாளரைத் தேடாமல் அறையை மாற்றவோ, 500 ரூபாய் வரை தள்ளுபடி தரவோ அவருக்கு அதிகாரம் வேண்டும். அது இல்லாத இடத்தில் சொல்லிக்கொடுத்த புன்னகை மட்டும் மிஞ்சும். அதைப் பெயரேற்பாக எண்ணவே கூடாது.

வாசலில் முதலில் பேசுபவர் காவலாளி. ஒப்பந்தக்காரரின் ஆள் என்பதால் பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இருப்பதில்லை. வரையறையில் ‘சம்பளம் யார் தந்தாலும்’ என்று அவசியம் சேர்க்க வேண்டும். விளம்பரத்தை ஊழியர் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. இரண்டு வாரம் முன்பே சொல்லி, ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் பேசிவந்தால் கேள்விகள் உள்ளேயே தீரும்.

– மஞ்சக்குப்பம், கடலூர்

பிரிப்பை ஏற்கிறேன், ஐயா. வரையறை இப்படி:

பெயரூன்றல்: நிறுவனம் வெளியே தரும் வாக்கை, சம்பளம் யார் தந்தாலும், வாடிக்கையாளரைச் சந்திக்கும் ஒவ்வொருவரும் நிறைவேற்றும்படி பயிற்சி, உள்தகவல், ஊக்கத்தொகை, அதிகாரம் ஆகியவற்றை ஒரே திசையில் அமைத்தல்.

ஒன்று பாக்கி. அந்த ஆய்வுகளில் பற்று வேறு, லாயல்டி வேறு; பின்னதை, அங்கேயே வேலையில் தொடரும் எண்ணத்தை வைத்து அளந்தார்கள். ‘விசுவாசம்’ என்றால் முதலாளிக்கு அடங்கி நடப்பது போல ஒலிக்கிறது. ‘பணிநிலைப்பு’ எனலாமா? அரசுப் பணியில் நிரந்தரமாவதோடு குழம்பும் என்பதுதான் என் தயக்கம்.