கிறிஸ்துமஸ் ஷோகேஸ்: ஏசி ஓடினால் கண்ணாடியின் வெளிப்பக்கம் வேர்க்கிறது, என்ன வழி?

முத்துநகர்_ரெடிமேட்:
தூத்துக்குடியில் ரெடிமேட் கடை. ரோட்டுப் பக்க ஷோகேஸ் 8 அடி அகலம், 7 அடி உயரம், இரண்டரை அடி ஆழம். ஒற்றைக் கண்ணாடி, மேற்குப் பார்த்தது. பின்னால் அடைப்பு கிடையாது, ஏசி காற்று நேராகக் கண்ணாடியில் படுகிறது. டிசம்பரில் மழை விட்ட சாயங்காலங்களில் வெளிப்பக்கம் வேர்த்து, உள்ளே வைத்திருப்பது எதுவும் தெரிவதில்லை. வெளியே அடித்த ஸ்னோ ஸ்ப்ரே கோடு கோடாக வழிந்துவிட்டது. எல்இடி ஸ்ட்ரிப் பசை விட்டுத் தொங்குகிறது, அதன் கடைசிப் பகுதி மங்கலாக எரிகிறது. லண்டன் கடைகளில் இருப்பது போலப் பனிக்காட்சி வேண்டும், நடுவில் குடிலும் வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

கோட்டாறு_டெக்கர்:
அண்ணாச்சி, அலங்காரத்துக்கு முன்னால கண்ணாடியைச் சரி பண்ணுங்க. வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா, 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலயும் தண்ணி படியும். ஏசி காற்று நேரா அடிச்சா கண்ணாடி சுலபமா அதுக்குக் கீழே போயிடும். வெளியே துடைச்சுக்கிட்டே இருந்தா பிரயோஜனம் இல்லை, உள்ளே குளிர் படாம தடுக்கணும்.

பின்பக்கம் முழுசையும் பிவிசி ஃபோம் ஷீட் வச்சு அடைங்க. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செஞ்ச பலகை) வேண்டாம், நம்ம கடலோர ஈரத்துல ஓரம் ஊதிடும். மேலே 4 அங்குலத்துக்கு ஒரு திறப்பு, கீல் போட்ட மூடியோட விடுங்க. மத்தியானம் மேற்கு வெயில்ல பெட்டி கொதிக்கும்போது திறக்கணும், சாயங்காலம் மூடணும். திறக்க மறந்தா மெழுகுவத்தி சாயும், ஹாட் குளூ இளகி ஜோடனை ஒண்ணொண்ணா விழும்.

ஸ்ட்ரிப் மேலேயும் ரெண்டு பக்கமும்னா 22 அடி, கிட்டத்தட்ட 6.7 மீட்டர். மீட்டருக்கு 4.8 வாட் ரகம்னா மொத்தம் 32 வாட். 12 வோல்ட் 5 ஆம்ப் அடாப்டர் தாராளம். ஒரே நீளமா இழுத்தா போகப்போக வோல்டேஜ் இறங்கும், கடைசி மங்கலாகிறது அதனாலதான். மேலே நடுவுல கரண்ட் கொடுத்து ரெண்டு பக்கமும் பிரிச்சு விடுங்க. பசையை மட்டும் நம்பாதீங்க: அலுமினிய சேனலை ஸ்க்ரூ போட்டு மாட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, காய்ஞ்ச பிறகு ஒட்டுங்க.

ஸ்னோ ஸ்ப்ரே அடிக்கிறதா இருந்தா உள்பக்கம் மட்டும். அதைவிட ஃப்ராஸ்டட் வினைலை (பனி படிஞ்ச மாதிரி தெரியற பிளாஸ்டிக் ஒட்டுத்தாள்) வெட்டி சோப்புத்தண்ணி தெளிச்சு ஒட்டினா சுத்தமா இருக்கும், ஜனவரியில உரிச்சுடலாம். பருத்திப் பஞ்சு போடவே போடாதீங்க. ஈரம் இழுத்து அழுக்கேறும், ஒரு பொறி போதும் பத்திக்க. தெர்மகோலா இருந்தா ஃபெவிகால் மட்டும். ரப்பர் பசையும் ஸ்ப்ரே பெயிண்டும் அதைக் கரைச்சுத் தின்னுடும்.

ஸ்கார்பரோ_வாசன்:
மேலே சொன்னது உங்கள் ஊருக்கு மிகச் சரி. ஆனால் லண்டன், டொராண்டோ கடைக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து அப்படியே செய்துவிடாதீர்கள். டொராண்டோவில், இங்கே, பிரச்சினை தலைகீழ். கடைக்குள் 21 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் இருந்தால், 7 டிகிரிக்குக் கீழே போன கண்ணாடியில் நீர் படியும். வெளியே மைனஸ் பத்து என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கமே வேர்க்கும், ஓரங்களில் உறையும். அதனால் இங்கே பின்பக்கத்தை அடைப்பதுதான் தவறு. கீழும் மேலும் 2 அங்குல இடைவெளி விட்டு, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை வைத்துக் கடையின் சூடான காற்றைக் கண்ணாடியில் ஓட விடுவோம். ஹாலோஜன் விளக்குகள் இருந்தபோது அவற்றின் சூடே கண்ணாடியைக் காய வைத்தது; எல்இடிக்கு மாறிய ஷோகேஸில் அந்த உதவி இல்லை.

இன்னொன்று: டிசம்பரில் லண்டனில் 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், டொராண்டோவில் 4.40 வாக்கில். கடை நேரத்தில் பாதி இருட்டு என்பதால்தான் இந்த நகரங்களில் விளக்கை நம்பி ஷோகேஸ் அமைக்கிறார்கள்.

மெல்பர்ன்_மணி:
அந்த விஷயத்தில் தூத்துக்குடிக்கு லண்டனைவிட மெல்பர்ன்தான் நெருக்கம். இங்கே டிசம்பர் கோடைகாலம், இருட்ட எட்டே முக்கால் ஆகும். பர்க் தெருவில் மையர் கடை 1956 முதல் வைத்துவரும் கிறிஸ்துமஸ் ஷோகேஸ்களைப் பாருங்கள். அசையும் பொம்மைகள்தான் அவற்றின் உயிர். பகல் வெளிச்சத்தில் விளக்கு எடுபடாது, அசைவு எடுபடும்.

ஏர்கூலரின் ஸ்விங் மோட்டார் போதும், நிமிடத்துக்கு 5 சுற்று அளவில் சுற்றும். ஸ்டார்ட் ஆகும்போது இடமா வலமா என்று சொல்ல முடியாத ரகம் அது. ராட்டினம் மாதிரி முழுவட்டம் சுற்றும் பொம்மையைவிட, கிராங்க் (சுற்றுவதை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றும் கை) வைத்துத் தலையாட்டும் ஆட்டுக்குட்டிக்குப் பொருத்தம். திசை மாறினாலும் தெரியாது. பாரம் ஏற்றாதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம்.

பின்னணி கறுப்பாக இருந்தால் கண்ணாடியில் எதிர்வீடும் பஸ்ஸும்தான் தெரியும். வெளிர் நிறம், பளபளப்பில்லாத பரப்பு, முக்கியமான பொருட்கள் கண்ணாடியிலிருந்து ஒரு அடிக்குள். மேற்கு வெயிலில் சிவப்பு கிரேப் காகிதம் சீக்கிரம் வெளுக்கும். அக்ரிலிக் பெயிண்ட் அடித்த ஷீட் தாங்கும்.

முத்துநகர்_ரெடிமேட்:
பின்பக்கம் அடைக்கும் வேலையை முதலில் முடித்துவிடுகிறேன். குடிலுக்குப் பச்சை என்ன வைக்கலாம்? சவுக்கு கிளை தாங்குமா?

கோட்டாறு_டெக்கர்:
சவுக்கை ஈரமணல் வாளியில நட்டு தினம் தண்ணி ஊத்துங்க. அப்படியும் அந்த வெயில்ல சீக்கிரம் காய்ஞ்சு ஊசி உதிரும், அதனால 20ஆம் தேதிக்கு மேல வெட்டி வாங்குங்க. தரைக்குக் கேழ்வரகு விதைங்க. ஒரு அங்குல மண் போட்ட தட்டுல 14, 15 தேதி வாக்குல நெருக்கமா தூவி, மொட்டைமாடியில மழை நேரா அடிக்காத இடத்துல வளர விடுங்க. 24ஆம் தேதிக்கு ரெண்டு அங்குலப் பச்சை நிக்கும், அப்படியே தட்டோட உள்ளே தூக்கி வைங்க. ஷோகேஸுக்குள்ளயே முளைக்க விட்டா வெளிச்சம் பத்தாம வெளிறிப் படுத்துடும்.

பனியைப் பத்தி என் அபிப்பிராயம்: பனியே பெய்யாத சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டுல 1984 முதல் தெருவெல்லாம் விளக்கு அலங்காரம் வைக்கிறாங்க, கூட்டம் குறையலை. நம்ம ஜனங்க நின்னு பார்க்கிறது குடிலையும் ஸ்டாரையும்தான். வெளியே தொங்குற ஸ்டாருக்கு 9 வாட் எல்இடி பல்பு போடுங்க, ஹோல்டர் கீழ்நோக்கி இருக்கட்டும், கீழ் முனையில தண்ணி வடிய ஒரு துளை விடுங்க. அந்த லைன் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) வழியா வரணும், மழையில அதுல விட்டுக்கொடுக்காதீங்க.